எதிர் நாற்காலி

“கிட்டாரெல்லாம் என்னை ஏமாத்துதும்மா” என்றார் சிகாமணி.

மரகதம் நிமிரவில்லை. பலகை ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தாள்.

“எத்தனை கிட்டார்?”

“ஆறு. ஒண்ணு சென்னையில வாங்குனது. ஒண்ணு எம் மகன் சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்தது. எல்லாம் பேர் பெத்த கம்பெனி. கடையில வாசிச்சா தேனா இருக்கு. வீட்டுக்கு வந்து பத்து நாள்ல தகரமாயிருது.”

“ஆறுமா?”

“ஆறும்.”

“அப்படியா” என்று மட்டும் சொல்லிவிட்டு மரகதம் இழைப்புளியை மறுபடி தள்ளினாள்.

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது அவள் பட்டறை. வருடத்துக்கு நாலு கிட்டார்தான் செய்வாள். ஐந்தாவதாக வருகிறவர் மந்திரியாக இருந்தாலும் அடுத்த வருடம் வா என்பாள். வயது நாற்பதைத் தொடவில்லை. அவளைத் தேடிப் போனவர்களில் பாதிப் பேர் கிட்டாரோடு திரும்புவார்கள், மீதிப் பேர் கிட்டாரே வேண்டாம் என்று திரும்புவார்கள், இதில் இரண்டாவது கூட்டம்தான் அவளை அதிகம் புகழ்கிறது என்று ஒரு பேச்சு உண்டு.

சிகாமணிக்கு அறுபத்து மூன்று. பாளையங்கோட்டைக்காரர். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருடம் அடுத்தவன் நிலத்துக்குச் சங்கிலி பிடித்தவருக்குத் தன் வீட்டு எல்லையில் ஒரு சாண் குறைந்தாலும் பொறுக்காது. பொறுக்கவும் இல்லை. அது பின்னால் வருகிறது.

“உங்களுக்கு என்ன வேணும் அண்ணாச்சி?”

“குறையே இல்லாத கிட்டார்.”

“குறையே இல்லாததா?”

“ஆமா. இந்த விரலு இன்னும் ரெண்டு மூணு வருசந்தான் மடங்கும். டாக்டரே சொல்லிட்டான். அதுக்குள்ள ஒரு தடவையாவது அந்தச் சத்தத்தைக் கேட்டுறணும்.”

“எந்தச் சத்தம்?”

“முன்னால கேட்டிருக்கேன்.”

“எப்ப?”

“அது பழைய கதை. அத விடு.”

மரகதம் விட்டுவிட்டாள். ஒரு பழைய கிட்டாரை எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். அவர் வாசித்தார். அவள் அவருடைய விரல்களை மட்டும் பார்த்தாள். பிறகு கையை நூலால் அளந்து, நூலில் முடிச்சுப் போட்டு, ஆணியில் மாட்டினாள்.

“மரம் நானே கொண்டாந்திருக்கேன்” என்றார் சிகாமணி. “பலா. கார்ல இருக்கு.”

நான்கு பலகைகள். மரகதம் ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, காதருகே கொண்டுபோய், முட்டியால் தட்டினாள்.

“முதுகுக்கும் பக்கத்துக்கும் ஆகும். நல்லாக் காஞ்சிருக்கு. எந்த ஊர் மரம்?”

“எங்கப்பா வச்ச மரம். எம் பங்குல நின்னுது. பதினேழு வருசம் கேஸ் நடத்தி, மதுரை வரைக்கும் போயி வாங்குன பங்கு.”

“யார் மேல கேஸ்?”

“எங்கண்ணன் மேல.”

“ஜெயிச்ச பிறகா வெட்டுனீங்க?”

“தீர்ப்பு வந்த மறு வாரம்.”

“ஏன்?”

இதற்கு என்னவோ ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தார் சிகாமணி. வேர் சுவரைப் பிளக்கிறது, இலை சாக்கடையை அடைக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லிய பதில்தான். அவள் பலகையைப் பிடித்தபடி காத்திருந்த விதத்தில் அது வாயிலேயே நின்றுவிட்டது.

“நிழல் அவன் வீட்டு மேல விழுந்துது” என்றார்.

அதுதான் உண்மை. மரம் விழுந்த அன்று மதியம், அண்ணன் வீட்டு ஓட்டின் மீது வெயில் சுள்ளென்று இறங்கியதை சிகாமணி தன் மொட்டை மாடியில் நின்று பார்த்தார். அன்றைக்கு ஒரு பிடி சோறு கூடுதலாகவே சாப்பிட்டார். அதை ஏன் மறைக்க வேண்டும்?

மரகதம் பலகையில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டாள்.

“ஐப்பசி கழிச்சு வாங்க.”

சிகாமணி ஐப்பசி வரை பொறுக்கவில்லை. மாதம் ஒரு முறை போய் நின்றார். அவள் ஒரு முறையாவது பேசினாள் என்று இல்லை. பலாப் பலகையை நனைத்துச் சூட்டில் வளைத்தாள். மேலே ஒட்டுவதற்குத் தன்னிடமிருந்த வெளிநாட்டு மரத்தில் மெல்லிய பலகை ஒன்றை எடுத்தாள். அதன் உட்புறத்தில் விலா எலும்பு மாதிரி சின்னச் சின்ன மரக்குச்சிகளை ஒட்டினாள். தட்டிப் பார்ப்பாள், குச்சியில் ஒரு சுருள் சீவுவாள், மறுபடி தட்டுவாள். சிகாமணிக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. தெரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு வருவார்.

கார்த்திகை பிறந்த வாரம் கூப்பிட்டு அனுப்பினாள்.

கிட்டார் தயாராக இருந்தது. சிகாமணி மடியில் எடுத்து வைத்தார். ஒரே ஒரு கம்பியை மீட்டினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இதுதாம்மா! இதேதான்!”

“இன்னும் முடியல” என்றாள் மரகதம்.

“என்ன முடியல? மணி மாதிரி இருக்கு.”

அவள் மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்துவந்து அவருக்கு எதிரே, ஐந்தடி தள்ளிப் போட்டாள்.

“நீங்க கிட்டாருக்குப் பின்னால இருக்கீங்க அண்ணாச்சி. சத்தம் முன்னால போவுது. வாசிக்கறவருக்குப் பாதிதான் கேக்கும். மீதி இங்க உக்காந்திருக்கறவருக்குத்தான் கேக்கும். கடைசிச் சீவல் அவர் சொல்லுதத வச்சுத்தான். இந்த ஓட்டைக்குள்ள கைய விட்டு, உள்ள இருக்குற குச்சியில எங்க சீவணுமோ அங்க சீவுவேன்.”

“அவர்னா யாரு?”

“நீங்கதான் கூட்டிட்டு வரணும். உங்க வாசிப்பு தெரிஞ்சவங்களா இருக்கணும். இந்த இடம் இடறுது, இந்தக் கம்பி அமுங்குதுன்னு சொல்லணும்.”

“நீயே கேட்டுச் சொல்லிரக் கூடாதா?”

“நான் செஞ்சது. எனக்கு நல்லாத்தான் கேக்கும்.”

சிகாமணிக்கு எரிச்சல். ஆனால் அவள் வழக்கம் அது. நாலு கிட்டாருக்கும் அப்படித்தான்.

அடுத்த வாரம் மனைவி ஹெப்சிபாவைக் கூட்டிவந்தார். நாற்பது வருடம் அவர் வாசிப்பைக் கேட்டவள், அவளை விட்டால் வேறு யார்?

ஹெப்சிபா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிகாமணி வாசித்தார். முடித்தார்.

“எங்கயாவது இடறுச்சாக்கா?” என்று கேட்டாள் மரகதம். கையில் சின்ன உளி தயாராக இருந்தது.

ஹெப்சிபா கணவர் முகத்தைப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

மரகதம் உளியைக் கீழே வைத்தாள்.

ஹெப்சிபா வெளியே போய்க் காரில் உட்கார்ந்த பிறகு சிகாமணி கேட்டார். “என்ன, உளிய வச்சுட்ட?”

“பதில் சொல்லுததுக்கு முன்னால உங்க மூஞ்சியப் பாத்தாங்க.”

“அவளுக்கு என்ன பயம்? நான் என்ன அடிக்கவா செய்யுதேன்?”

“அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. உளிய எங்க வைக்கணும்னு தெரியல. அதான் வச்சுட்டேன்.”

காரில் வரும்போது ஹெப்சிபாவிடம் எரிந்து விழுந்தார். ஒரு குறை சொல்லத் துப்பில்லையா உனக்கு என்று கத்தினார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சட்டைப் பொத்தான் மாறியிருக்கிறது என்பதைக்கூட அவரிடம் சொல்லத் துணியாதவள் அவள். சொன்னால் என்ன நடக்கும் என்று பார்த்தவள்.

அதற்கடுத்த வாரம் ரெக்ஸ்லின். கோயிலில் பாடகர் குழு நடத்துகிறவன். முப்பது வயது, சுத்தமான காது. சிகாமணி கோயில் நிர்வாகம் பார்க்கும் சேகரக் கமிட்டியில் செயலாளர். பாடகர் குழுவுக்கு ஒரு மைக் வேண்டும் என்றாலும் அவர் கையெழுத்து வேண்டும்.

வாசித்து முடிக்கும் முன்னாலேயே ரெக்ஸ்லின் கை தட்டினான்.

“சூப்பர் அங்கிள்! கர்த்தரோட கிருபை!”

மரகதம் உளியை எடுக்கவே இல்லை.

அன்று சிகாமணி ரெக்ஸ்லினை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, வெறும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அறுபத்து மூன்று வருடம் வாழ்ந்து, ஒரு நாற்காலியை நிரப்ப ஆள் கிடைக்கவில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது.

“உங்க வாசிப்புல கடைசியாக் குறை சொன்னது யாரு அண்ணாச்சி?” என்று கேட்டாள் மரகதம்.

சிகாமணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

அவள் தூரிகையைக் கழுவப் போய்விட்டாள். கழுவி, துடைத்து, மாட்டிவிட்டு வந்தாள். அவர் அப்படியே நின்றார்.

“எங்கண்ணன்” என்றார்.

“என்ன சொல்லுவாரு?”

“என்னதான் சொல்ல மாட்டான்? கோயில்ல நான் வாசிக்கும்போது முதல் பெஞ்சில உக்காந்திருப்பான். மூணாவது கம்பி மயிரிழை இறங்கியிருந்தா போதும், அங்க இருந்தே விரலத் தூக்கிக் காட்டுவான். ஆராதனை முடிஞ்சு வெளிய வந்ததும், சங்கிலி பிடிக்கற கைய வச்சுக்கிட்டு உனக்கு எதுக்குலே கிட்டாருன்னு அத்தனை பேர் முன்னால கேப்பான். நல்லாருக்குன்னு ஒரு நாள் சொன்னதில்ல. ஒரு நாள்கூட.”

சொல்லச் சொல்ல சிகாமணியின் குரல் மாறிவிட்டது. திட்டத்தான் ஆரம்பித்தார். திட்டு எங்கேயோ வழியில் கரைந்துபோனது.

“அப்பதான் அந்தச் சத்தம் கேட்டுதா?” என்றாள் மரகதம்.

அவர் தலையை ஆட்டினார்.

“இருக்காரா?”

“இருக்கான். பக்கத்து வீட்டுலதான்.”

பக்கத்து வீடுதான். ஆனால் நடுவில் எட்டடிச் சுவர். கட்டியவர் சிகாமணி. அண்ணன் தேவஇரக்கம் காலை ஏழு மணி ஆராதனைக்குப் போவார். தம்பி ஒன்பதரை மணி ஆராதனைக்குப் போவார். ஒரே கர்த்தர், இரண்டு நேரம். பதினேழு வருடம் வழக்கு, அதன்பிறகு நாலு வருடம், ஆக இருபத்தொரு வருடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மாவின் அடக்கத்தில்கூட பெட்டியின் இரண்டு பக்கம் நின்றார்கள்.

மறுநாள் காலை சிகாமணி அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினார். தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது, சுவரில் வழி வைக்கவில்லை.

முகத்தில் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்து வந்திருந்தார். என்னென்ன ஏச்சு விழும், எதற்கு என்ன சொல்லுவது என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தார். யோசிக்காதது ஒன்றே ஒன்று.

“வாங்க” என்றார் தேவஇரக்கம். “உக்காருங்க.”

அறுபத்தெட்டு வயது. மெலிந்திருந்தார். பேப்பரை நாலாக மடித்து ஓரமாக வைத்தார். மதினி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். மின்விசிறி ஓடியும் வீடு அனலாக இருந்தது.

“கிட்டார் ஒண்ணு செய்யக் குடுத்திருக்கேண்ணே” என்றார் சிகாமணி. “முன்னால உக்காந்து கேட்டுக் குறை சொல்ல ஒரு ஆள் வேணுங்கா அதச் செய்யுத பிள்ளை. நீ வரணும்.”

“எங்க?”

“தென்காசி தாண்டி.”

“என்னைக்கு?”

“நாளைக்கு. கார்லயே கூட்டிட்டுப் போறேன்.”

“நீங்க முன்னால போங்க. நான் பஸ்ல வந்துருதேன்.”

அவ்வளவுதான். ஒரு ஏச்சு இல்லை. இருபத்தொரு வருடம் என்ற பேச்சே இல்லை. சிகாமணி வெளியே வந்து, தெருவென்றும் பாராமல் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணன் மறந்துவிட்டான் என்று நினைத்தார். வாங்க போங்க என்று மரியாதையாகக் கூப்பிட்டதை வீட்டுக்கு வந்து ஹெப்சிபாவிடம் இரண்டு தடவை சொன்னார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பத்தரை மணிக்கு தேவஇரக்கம் குடையோடு பட்டறைக்கு வந்து சேர்ந்தார். செருப்பை வாசலில் கழற்றினார். மரகதத்துக்கு வணக்கம் சொன்னார். கிட்டாரின் முதுகை ஒரு முறை உள்ளங்கையால் தடவினார்.

“பலாவா?”

“ஆமாங்கய்யா” என்றாள் மரகதம்.

“நல்ல மரம்” என்றார். போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மரகதம் உளியை எடுத்துக்கொண்டாள்.

சிகாமணி வாசித்தார். சின்ன வயதில் இரண்டு பேரும் சேர்ந்து பழகிய கீர்த்தனை. முதல் சரணம் நன்றாகப் போனது. இரண்டாவது சரணத்தில் விரல் ஒரு கட்டம் தள்ளி விழுந்து, சுரம் அப்பட்டமாகப் பிசகியது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகூட முகம் சுளிக்கும் பிசகு.

சிகாமணி நிறுத்தவில்லை. உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷம் பொங்கியது. வாங்கப் போகிறோம் என்று தெரிந்துவிட்டது. இருபத்தொரு வருடத்துக்கும் சேர்த்து வாங்கப் போகிறோம். வாசித்து முடித்து, திட்டு வாங்கும் பையனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்.

“எங்கயாவது இடறுச்சாங்கய்யா?” என்றாள் மரகதம்.

தேவஇரக்கம் யோசிக்கவில்லை.

“நல்லாருக்கு” என்றார்.

சிகாமணி நிமிர்ந்து பார்த்தார்.

“நல்லா வாசிச்சீங்க” என்று சொல்லிவிட்டு, தேவஇரக்கம் எழுந்து குடையை எடுத்தார். “பதினொண்ணே காலுக்கு ஒரு பஸ் இருக்கு. வாரேன்.”

சிகாமணி கிட்டாரை அப்படியே போட்டுவிட்டு வெறுங்காலோடு பின்னால் ஓடினார். கேட்டருகே பிடித்தார்.

“அண்ணே, நில்லுண்ணே. ரெண்டாவது சரணத்துல தப்பாப் பிடிச்சேன். உனக்குக் கேக்கலியா?”

“கேட்டுது.”

“பெறவு ஏன் சொல்லல?”

“நல்லாத்தான இருந்துது.”

“பொய் சொல்லாத. திட்டிட்டுப் போண்ணே. உன் கால்ல விழுதேன். ஒரு வார்த்தை திட்டிட்டுப் போ.”

தேவஇரக்கம் குடையை விரித்தார்.

“உங்க மரம். உங்க கிட்டார். மேற்படி சொத்துல எனக்கோ என் வாரிசுக்கோ எந்தப் பாத்தியதையும் இல்லன்னு தீர்ப்புல எழுதியிருக்கே. நீங்க கேட்டு வாங்குனதுதான? பாத்தியதை இல்லாதவன் எப்படிக் குறை சொல்ல முடியும்?”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சிகாமணி பிழைத்திருப்பார். ரேஷன் கடையில் இன்றைக்குச் சீனி இல்லை என்று சொல்வது போலச் சொன்னார். சொல்லிவிட்டு, தம்பி தோளில் படாமல் குடையைச் சாய்த்துக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தார்.

சிகாமணி பட்டறைக்குள் வந்தபோது மரகதம் உளியை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“கிட்டார்ல குறை இருக்கா, இல்லியா?” என்றார். “அதையாவது சொல்லும்மா.”

“இருக்கு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க வாசிக்கும்போது ஒரு இடத்துல அவர் முகம் சுளிச்சுது. நீங்க தப்பாப் பிடிச்ச இடத்துல இல்ல. அதுக்கு முன்னால.”

“அங்க என்ன குறை?”

“எனக்குக் கேக்கல. அவருக்குத்தான் கேட்டுது.”

“இன்னொரு தடவை கூட்டிட்டு வரட்டா? நாளைக்கே கூட்டிட்டு வாரேன்.”

“கூப்பிட்டா வருவாரு அண்ணாச்சி. நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போவாரு.”

மரகதம் கிட்டாரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து, மூடியைச் சாத்தி அவரிடம் நீட்டினாள்.

“கொண்டு போங்க. இனிமே இது இப்படித்தான்.”